ஈசூன் மூவறை வீட்டில் பத்து நாள்: இல்ல மேம்பாட்டுத் திட்டம், என் அனுபவம்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் குளியலறை எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரி அறையைத் திறந்த வாரம், மின்தூக்கியில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். டைல்ஸ் சாம்பல் நிறமா, சந்தன நிறமா? நானும் அதைத்தான் பேசினேன். வேலை முடிந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. இன்று யாராவது என்னிடம் கேட்டால் நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. கூரையைப் பாருங்கள், பைப்பைப் பாருங்கள், தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தெரிந்தவர்களின் பேட்டைகளுக்கெல்லாம் திட்டத்தின் கடிதம் வரத் தொடங்கியிருக்கிறது, வாரம் ஒருவராவது அழைத்துக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

வீட்டைப் பற்றி முதலில். ஈசூனில் 1987-ல் கட்டி முடித்த மூவறை வீடு, இரண்டு குளியலறை. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா சாவி வாங்கிய அன்று நான் பள்ளிச் சீருடையில்தான் இந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தேன். அப்பா இப்போது இல்லை. அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மாவுக்கு 82 வயது.

இந்த 1987 என்ற எண்ணால் நாங்கள் பல வருடம் காத்திருந்தோம். அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தை 2007-ல் கொண்டுவந்தபோது 1986 வரை கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள புளோக்குகள் எங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவை. அவர்களுக்குப் புது வாசற்கதவு வந்தது, புது இரும்புக் கதவு வந்தது. நாங்கள் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். 2018 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 1987 முதல் 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் திட்டம் நீட்டிக்கப்படும் என்று அறிவித்தார். கூடுதலாக ஏறத்தாழ 230,000 வீடுகள். மறுநாள் காலை அம்மா எனக்குக் காப்பி கொடுக்கும்போதே, "நம்ம வீடும் இருக்காம்" என்றார். அதற்குப் பிறகும் எங்கள் முறை வர வருடங்கள் ஆகின. அறிவிப்பு வந்ததும் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டை பேட்டையாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் வீடு சும்மா இருக்கவில்லை. படுக்கையறையை ஒட்டிய குளியலறைக் கூரையில் பெயின்ட் மெல்ல உப்பியது. விரலால் தொட்டால் உள்ளே காற்று இருப்பது தெரியும். ஒரு நாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காறை பெயர்ந்து வாளிக்குள் கிடந்தது. மேலே பார்த்தால் காய்ந்த கருவாட்டு நிறத்தில் இரண்டு கம்பி. பழைய வீடுகளில் இது சகஜம். கான்கிரீட்டுக்குள் காற்றும் ஈரமும் வருடக்கணக்கில் இறங்கி, கம்பிக்குக் கிடைத்த பாதுகாப்பு போய்விடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே வெளியே தள்ளுகிறது. அதனால் மேலே பெயின்ட் அடித்து மறைப்பதில் ஒரு பயனும் இல்லை. உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருவைத் தடுக்கும் பூச்சு பூசி, அப்புறம்தான் கலவை வைக்க வேண்டும். அந்தக் காறை விழுந்த நேரம் அம்மா குளித்துக்கொண்டிருக்கவில்லை. எத்தனையோ இரவு அதை நினைத்து எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, இருக்கிறார். அம்மாவைவிடச் சில வயது இளையவர். 30 வருடப் பழக்கம். அவர் வீட்டுக் குளியலறைக் கூரையில் ஒரு முறை ஈரம் கசிந்து மஞ்சள் கறை படர்ந்தது. எங்கள் தரைதானே அவருக்குக் கூரை! மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்தே அந்தத் தளத்துக்குப் பொறுப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் எத்தனையோ வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகமே ஏற்கிறது. மீதிப் பாதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், அதாவது தலா 25 விழுக்காடு. மக்சிக்கும் நானும் அப்படித்தான் கட்டினோம், சண்டை வரவில்லை. ஆனால் சில வருடத்தில் வேறொரு மூலையில் மறுபடி ஈரம் தட்டியது. பைப்பும் பழசு, தரையடியில் இருந்த நீர்த்தடுப்பும் பழசு. ஓர் இடத்தில் அடைத்தால் தண்ணீர் இன்னோர் இடம் தேடுகிறது. மக்சிக் அதைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

இந்த நிலையில்தான் எங்களுக்குக் கடிதம் வந்தது.

திட்டத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, கட்டாயப் பணிகள்: பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர்க் குழாயை மாற்றுவது, வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அளவை உயர்த்துவது, மூங்கில் கம்பைச் செருகித் துணி காயப்போடும் பழைய குழாய்த் துளைகளை எடுத்துவிட்டுப் புதுக் கம்பிகள் பொருத்துவது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இவை முழுவதும் இலவசம். இன்னொன்று, விருப்பப் பணிகள்: குளியலறைகளைப் புதுப்பிப்பது, வாசற்கதவு, இரும்புக் கதவு, சமையலறைக் குப்பைத் துளையின் மூடி. இவற்றுக்கு நம் பங்கு வீட்டின் அளவைப் பொறுத்தது. மூவறை வரை 5 விழுக்காடு, நான்கறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, அதைவிடப் பெரிய எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு 12.5 விழுக்காடு. மீதியை அரசாங்கம் கொடுக்கிறது. நாங்கள் எல்லா விருப்பப் பணிகளையும் எடுத்தோம். எங்கள் பங்கு ஆயிரம் வெள்ளியைத் தொடவில்லை.

இரண்டு குளியலறையை அடியோடு உடைத்துப் புதிதாகச் செய்ய வெளியே ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று விசாரித்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். அதற்காகக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கழகம் புதுப்பிப்புக் கடன் கொடுப்பதில்லை, வங்கிக்குத்தான் போக வேண்டும். வங்கியின் புதுப்பிப்புக் கடன் அதிகபட்சம் 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தில் ஆறு மடங்கு, இரண்டில் எது குறைவோ அது. ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். வேலையில் இல்லாத 70 வயதுக்காரர் எந்த வருமானத்தைக் காட்டுவார்? சொந்தமாகச் செய்யும் புதுப்பிப்புக்கு மத்திய சேம நிதியையும், அதாவது சம்பளத்திலிருந்து சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பையும், தொட முடியாது. ஆனால் இந்தத் திட்டத்தில் நம் பங்கை மத்திய சேம நிதியிலிருந்து கட்டலாம், ரொக்கமாகவும் கட்டலாம், தவணையாகவும் கட்டலாம். எங்கள் மாடியில் தனியாக வாழும் ஒரு முதியவர் தவணைதான் எடுத்தார். கையில் காசு இல்லையே என்று கூச்சப்பட்டு யாரும் குளியலறையை விட்டுவிட வேண்டாம். பில் வருவதும் வேலை முடிந்த பிறகுதான்.

சரி, வாக்கெடுப்புக்கு வருகிறேன். ஒரு புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு ஆதரவு இருந்தால்தான் வேலை நடக்கும். வீட்டுக்கு ஒரு வாக்கு. அது எதற்கு, வேண்டியவருக்குச் செய்யலாமே, வேண்டாதவரை விட்டுவிடலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. விளக்கக் கூட்டத்தில் ஒரு பொறியாளர் குழாயின் படத்தைக் காட்டியதும் புரிந்தது. கழிவுநீர்க் குழாய் மேல்மாடியிலிருந்து தரைவரை ஒவ்வொரு வீட்டுக் குளியலறைக்குள்ளும் ஒரே நேர்க்கோட்டில் இறங்குகிறது. பன்னிரண்டு வீட்டைத் துளைத்து வரும் ஒரே குழாயில் ஏழாவது மாடித் துண்டை மட்டும் விட்டுவிட்டு எப்படி மாற்றுவது? அதனால் வாக்கு வென்றுவிட்டால் கட்டாயப் பணிகளை எல்லா வீடும் ஏற்கத்தான் வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது. எங்கள் வரிசையில் ஒரு சீன அங்கிள் சில வருடங்களுக்கு முன்புதான் சொந்தச் செலவில் குளியலறையைச் செய்திருந்தார். சுவரில் பச்சைக் கண்ணாடி ஓடு, பார்க்க அழகாக இருக்கும். விருப்பப் பணி வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் குழாயை மாற்ற அவர் சுவரின் ஒரு பக்கத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தச் செலவைச் செய்திருக்கமாட்டார். உங்கள் வீடு 1997-க்குள் கட்டியதா, இன்னும் திட்டம் வரவில்லையா? அப்படியானால் குளியலறைக்குப் பெரிய செலவு செய்வதைத் தள்ளிப்போடுங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புளோக்கில் ஆதரவு தேவையான அளவைத் தாண்டியது. வீட்டுக்குள் வேலை பத்து வேலை நாள் என்று அட்டவணை வந்தது. எங்களுக்குக் கொடுத்த நாள் பங்குனி உத்திரத்தோடு மோதியது. ஈசூனில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்ரமணியர் ஆலயத்தில் அன்று எவ்வளவு கூட்டம் என்று. வருடம் தவறாமல் அம்மா விரதம் இருப்பவர். குளிக்க வழியில்லாத வீட்டில் விரதம் எப்படி இருப்பது? கீழ்த்தள அலுவலகத்துக்குப் போய்ப் பேசினேன். இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். திருவிழாவோ மருத்துவமனைத் தேதியோ இருந்தால் அட்டவணை வந்த உடனே போய்ச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் போனால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.

முதல் நாள்தான் ரொம்பக் கடுமை. காலையில் ஆட்கள் வந்து தரையில் அட்டை விரித்தார்கள், அலமாரிகளையும் சோபாவையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்கள். சமையலறையின் ஒரு மூலையில் தற்காலிகக் கழிப்பறையை வைத்தார்கள். ஒன்பது மணிக்கு உடைக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் காதில் கேட்பதோடு நிற்கவில்லை, தாடையில் அதிர்ந்தது. பூஜை அறை என்று தனியாக இல்லாத வீடு இது. கூடத்து அலமாரியில் இருக்கும் சாமிப் படங்களை எல்லாம் நான் முந்தின நாள் இரவே துணியில் சுற்றி என் படுக்கைக்கு மேலே வைத்துவிட்டேன். நல்ல வேளை, மதியத்துக்குள் கூடம் முழுக்க ஒரு விரல் தூசி.

அம்மாவை என் தம்பி உட்லண்ட்ஸில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்துவிட்டார், வேறு வீட்டில் தூக்கம் வரவில்லையாம். பகலில் மக்சிக்கோடு கீழ்த்தளத்தில் ஒதுக்கியிருந்த ஓய்வறையில் உட்கார்ந்திருந்தார். அங்கே குளிரூட்டி உண்டு, குளிக்கத் தற்காலிக அறையும் உண்டு. அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 82 வயதுக்காரர் குளிப்பதற்காகத் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்குவது சுலபமில்லை. வீட்டில் நடமாட முடியாதவர் இருந்தால், அந்தப் பத்து நாளும் அவருக்கு வேறோர் இடம் பார்த்துவிடுங்கள். நான் அதைச் சரியாகத் திட்டமிடவில்லை, அம்மாதான் கஷ்டப்பட்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பழைய குழாய் வெளியே வந்தது. வார்ப்பிரும்பு. வேலைக்கு வந்திருந்த தம்பி ஒருவர் அதன் ஒரு துண்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். வெளியே பெயின்ட் அடித்து உறுதியாகத்தான் தெரிந்தது. உள்ளே பார்த்தால் துரு அடுக்கடுக்காகப் படிந்து, தண்ணீர் போகும் வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் நகத்தால் கீறினால் பொட்டு பொட்டாக உதிர்ந்தது. இத்தனை வருடமாக மக்சிக்கின் கூரையில் ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்தத் துண்டு பதில் சொன்னது. அதே இடத்தில் இப்போது வெள்ளைப் பிவிசி குழாய் நிற்கிறது. டைல்ஸ் நிறத்துக்காக மின்தூக்கியில் வாதாடிய நேரத்தில் நான் இந்தக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அந்தத் தம்பி அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, தரைக்கு அடியில என்ன பூசுறோம்னு பாத்துக்குங்க, டைல்ஸ் ஒட்டிட்டா அப்புறம் யாராலயும் பாக்க முடியாது" என்று அவர்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிமெண்டுக்கு மேலே நீர்த்தடுப்புப் பூச்சு பூசுகிறார்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் அது ஒரு சாண் உயரத்துக்கு மேலே ஏற வேண்டும். காய்ந்த பிறகு வடிகாலை அடைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை நடக்கும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். முடிந்தால் கீழ்வீட்டுக்கும் கூடப் போய்ப் பாருங்கள். நான் போனேன். மக்சிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார், நானும் மேற்பார்வையாளரும் மாறி மாறி ஏறிக் கூரையைக் கையால் தடவினோம். உலர்ந்திருந்தது.

இவ்வளவும் நன்றாகப் போனது. பிரச்சினை ஏழாம் நாள் வந்தது. பூச்சு பூசிய குழு வேறு, டைல்ஸ் ஒட்டிய குழு வேறு. சமையலறைப் பக்கக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்துப் போன மாலை, நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முக்கால்வாசி வடிகாலுக்குப் போனது. மீதி கதவோரம் தேங்கி நின்றது. துடைப்பத்தால் தள்ளினாலும் திரும்பி வந்தது. மறுநாள் காலை வந்தவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வழுக்கி விழக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை நாள் தூசியிலும் சத்தத்திலும் இருந்தோம். கதவோரம் தண்ணீர் தேங்கினால் அவர் கால் வைக்கும் முதல் இடமே ஈரம்.

சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து தரையின் நடுவில் வைத்தேன். அது வடிகாலை நோக்கிப் போகவில்லை. மெதுவாக, நேராகக் கதவைப் பார்த்து உருண்டது. அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கீழ்த்தள அலுவலகத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் ஒரு முறைதான் பார்த்தார். அன்று மதியமே எட்டு ஓடுகளை உடைத்து எடுத்தார்கள், அடிப்பூச்சு கிழிந்த இடத்தில் மறுபடி பூசினார்கள், சாய்மானத்தைச் சரிசெய்து புதிதாக ஒட்டினார்கள். அதனால் எங்களுக்கு வேலை இரண்டு நாள் நீண்டது. நான் காண்ட்ராக்டர் பெயரை இங்கே எழுதவில்லை. தவறு செய்தது ஒரு குழு, சரிசெய்ததும் அதே நிறுவனம்தான். ஆனால் அன்று நான் வேலைக்குப் போயிருந்தால், அல்லது காய்ந்துவிடும் என்ற பேச்சை நம்பியிருந்தால், அந்தத் தரை அப்படியேதான் இருந்திருக்கும். எங்கள் புளோக்கில் இன்னும் இரண்டு வீட்டில் அப்படியே இருக்கிறது. ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பது வேறு கதை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான். எங்கள் வீட்டில் பழைய 30 ஆம்பியர் இருந்தது, 40 ஆனது. முன்பு தண்ணீர்ச் சூடேற்றியும் குளிரூட்டியும் ஓடும்போது அம்மா இட்லிக்கு மாவு அரைத்தால் பொத்தென்று மின்சாரம் போகும். இப்போது போவதில்லை. துணி காயப்போடும் கம்பிகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூங்கில் கம்பைத் துளையில் செருகி ஒரு சேலையை வெயிலில் நன்றாக விரித்துக் காயப்போடலாம். புதுக் கம்பியில் மடித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆனால் ஈரத் துணியோடு கனக்கும் கம்பை வெளியே நீட்டிக்கொண்டு சன்னலில் சாய்ந்து நிற்கும் ஆபத்து போய்விட்டது. அதனால் அந்த மாற்றம் சரிதான். வாசற்கதவு நன்றாக இருக்கிறது. இரும்புக் கதவின் பூட்டு கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது. குப்பைத் துளை மூடியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மூடியின் விளிம்பு வழியாகத்தான் எங்கள் சமையலறைக்குக் கரப்பான் வந்துகொண்டிருந்தது. மாற்றிய பிறகு இரவில் விளக்கைப் போட்டதும் ஓடும் அந்தக் காட்சி இல்லை.

வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் இதோடு சேர்த்து 'ஈஸ்' திட்டத்தையும் கேளுங்கள். முதியோர் வீட்டில் பாதுகாப்பாக நடமாட 2012-ல் வந்த திட்டம் அது. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் போதும். 60-லிருந்து 64 வரை என்றால் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுபவராக இருக்க வேண்டும். சுவரில் கைப்பிடி, வழுக்காத தரைப்பூச்சு, படி இருக்கும் இடத்தில் சரிவுப்பலகை. இதிலும் மூவறை வீட்டுக்கு நம் பங்கு 5 விழுக்காடுதான். மேம்பாட்டுத் திட்டம் உங்கள் பேட்டைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இதற்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். நான் அதைத் தெரியாமல் வருடக்கணக்கில் விட்டுவிட்டேன். அம்மா அவ்வளவு காலமும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

கைப்பிடி பொருத்த வந்தவர் சுவரில் பென்சிலால் பொதுவான ஓர் உயரத்தில் கோடு போட்டார். நான் அம்மாவை உள்ளே வரச் சொன்னேன். கழிப்பறையில் உட்கார்ந்து, வழக்கம்போல எழச் சொன்னேன். அவர் கை தானாகப் போன இடம் அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இருந்தது. அங்கேதான் இப்போது கைப்பிடி இருக்கிறது. யாருக்காக வைக்கிறோமோ அவரை அழைத்து நிறுத்திப் பாருங்கள். வந்தவர் முகம் சுளிக்காமல் கோட்டை அழித்து மறுபடி போட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொரு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், குறிப்பாக ஊரிலிருந்து வந்து புதிதாக வீடு வாங்கியவர்கள். எந்தப் பழுதுக்கு யாரைக் கூப்பிடுவது? தாழ்வாரத்து விளக்கு, மின்தூக்கி, படிக்கட்டுச் சுத்தம், கீழ்த்தளம், இவை எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. மாதா மாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அதற்குத்தான். வீட்டுக்குள் கூரை பெயர்ந்தாலோ ஒழுகினாலோ கழகத்திடம் போக வேண்டும். மேம்பாட்டுத் திட்டத்தை நடத்துவதும் கழகம்தான். பேட்டையில் நடைபாதைக் கூரை, விளையாட்டுத் திடல் போன்றவற்றைச் செய்யும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் தனி. அதற்குப் பணம் அரசாங்கத்துடையது, செய்வது நகர மன்றம், அதற்கும் 75 விழுக்காடு ஆதரவு வேண்டும். இதெல்லாம் நினைவில் நிற்கவில்லை என்றால் 'ஒன்சர்விஸ்' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். 2015-லிருந்து இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினால் எந்த அமைப்புக்குப் போக வேண்டுமோ அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். வேலை நடந்த மாதங்களில் தாழ்வாரத்தில் கிடந்த உடைசல் மூட்டைகளை நான் அப்படித்தான் தெரியப்படுத்தினேன், மறுநாள் எடுத்துவிட்டார்கள்.

குறையாக நான் நினைப்பது மொழி. விளக்கக் கையேட்டில் தமிழ் இருந்தது. ஆனால் எந்தப் பணி வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கும் இடத்தில் எங்கள் மாடியில் மூன்று முதியவர்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் நிரப்பினார்கள். அவர்களில் ஒருவர், கைப்பிடிக்கு நிறையக் காசு கட்ட வேண்டும் என்று நினைத்து வேண்டாம் என்று குறித்திருந்தார். 5 விழுக்காடு எவ்வளவு என்று வெள்ளியில் சொன்னதும் மாற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டில் தனியாக ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அந்தத் தாளோடு ஒரு பத்து நிமிடம் போய் உட்காருங்கள். பல வருடத்துக்கு ஒரு முறை வரும் வாய்ப்பு. அடுத்த சுற்று வீட்டுக்கு 60, 70 வயது ஆகும்போதுதான் என்கிறார்கள். அவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது.

போன ஹரிராயா நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் வீட்டுக்குப் போயிருந்தோம். ரெண்டாங்கும் லொந்தோங்கும் சாப்பிட்டுவிட்டு அம்மா பேசிக்கொண்டிருக்க, மக்சிக் என் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார். அதற்கு முன் அவர் அதற்குப் பெயின்ட் அடித்து எத்தனையோ வருடம் ஆகிறது, எப்படியும் கறை வரும் என்று விட்டுவைத்திருந்தாராம். டிசம்பர் மழை முழுக்கப் போய்விட்டது, மேலே நாங்கள் தினமும் குளிக்கிறோம். இருவரும் தலையைத் தூக்கி மூலை மூலையாகப் பார்த்தோம். எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை.